சிவப்புக் காய்கள்

எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒரு காயை வெட்டுவதற்கு முன் வெட்டுப்படப் போகிறவரிடம் அனுமதி கேட்க வேண்டும். லூடோ பெட்டிக்குள் வந்த இங்கிலீஷ் விதித்தாளில் அப்படி ஒன்றும் கிடையாது. கோயமுத்தூர்க்காரர்கள் கையில் எது அகப்பட்டாலும் அதற்கு ஒரு 'ங்க' சேர்க்காமல் விட மாட்டார்கள். ஆட்டத்துக்கும் சேர்த்துவிட்டோம்.

பெட்டியை வாங்கி வந்தவர் அண்ணன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அவருக்கு மில் ஆபீசில் வேலை கிடைத்த புதிது. ஒப்பணக்காரத் தெருவில் ஒரு கடையில் பார்த்தாராம். உக்கடம் குளத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏதோ கோயில் நகையைக் கொண்டு வருகிறவர் போல வந்து சேர்ந்தார். மடித்து விரிக்கும் தடித்த அட்டை. நான்கு மூலைகளில் நான்கு நிறம். நிறத்துக்கு நான்காகச் சாயம் பூசிய மரக்காய்கள். புள்ளி வைத்த பகடை ஒன்று, அதை உருட்ட ஒரு தோல் குவளை.

அக்கா பெட்டியைத் திறந்ததும் சிவப்பை எடுத்துக்கொண்டாள். கேட்கவெல்லாம் இல்லை. அண்ணனுக்கு மஞ்சள், அம்மாவுக்கு நீலம். பச்சை எனக்கு வந்தது, கடைக்குட்டிக்கு எப்போதும் மிச்சம் கிடப்பதுதான் வரும். அப்பாவுக்குப் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னில் பங்கு இருந்தது. சீசன் வந்துவிட்டால் அவர் வீடு தங்க மாட்டார், அதனால் நான்கு பேருக்கு நான்கு நிறம் சரியாகப் போயிற்று.

முதல் நாளே சண்டை. ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும் என்று அண்ணன் தாளைப் பார்த்துப் படித்தார். அம்மா பிறந்ததிலிருந்து தாயம் ஆடியவள்.

"ஒண்ணு உழுகாம எப்புடி சாமி காய் எறங்கும்? உலகத்துல எங்காச்சும் உண்டா?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்குதும்மா."

"போட்டிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?"

கடைசியில் ஆறுக்கும் இறங்கலாம், ஒன்றுக்கும் இறங்கலாம் என்று ஆயிற்று. அம்மா அதோடு விடவில்லை. தாயத்தில் இருப்பது போல, எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டியவர்கள்தான் தங்கள் காயைப் பழமாக்கலாம், அதாவது நடுக்கட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றாள். வெட்டாதவர்கள் சுற்றிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அண்ணன் தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

அனுமதி கேட்கும் விதி என்னால் வந்தது. நான் கோபக்காரி. அப்போது எனக்குப் பத்து வயது, இப்போது தலை நரைத்துவிட்டது, கோபம் மட்டும் நரைக்கவில்லை. பழமாவதற்கு ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது அண்ணன் என் பச்சைக் காயை வெட்டிவிட்டார். நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். அம்மா என்னை அடிக்க வந்தாள். அக்கா இடையில் புகுந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"இனி ஆரு வெட்டறதா இருந்தாலும் கேட்டுப்போட்டு வெட்டோணும். 'ஏனுங்க, வெட்டிக்கட்டுங்களா'ன்னு கேக்கோணும். வெட்டுப்படறவங்க 'வெட்டிக்குங்க'ன்னு சொல்லியே தீரோணும். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னா அப்புறம் எதுக்கு அம்மணி கேக்கறது?" என்றார் அண்ணன், கையைத் தடவிக்கொண்டே.

"கேட்டுப்போட்டு வெட்டுனா வலிக்காதுங்கண்ணா."

அக்கா சொன்னது உண்மைதான். கேட்டுவிட்டு வெட்டினால் சிரிப்பு வந்தது. அம்மா என்னிடம், அவள் பெற்ற பிள்ளையிடம், "ஏனுங்க, வெட்டிக்கட்டுங்களா" என்று மரியாதையாகக் கேட்கும்போது எனக்குக் கோபப்படத் தோன்றாது. அதன் பிறகு நான் யாரையும் கடிக்கவில்லை.

அக்கா ஆடியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நான்கு பேரில் அதிகம் தோற்றவள் அவள்தான். அண்ணன் கணக்குப் போட்டு ஆடுவார். அம்மா பதுங்கிப் பதுங்கி வருவாள். அக்காவுக்குக் காயைப் பத்திரப்படுத்தத் தெரியாது, தெரிந்தாலும் மாட்டாள். நான்கு காயையும் நடுவீதியில் நிறுத்திவிட்டு எதிராளியைத் துரத்திக்கொண்டு ஓடுவாள். பின்னாலிருந்து ஒருவர் வந்து வெட்டுவார். "வெட்டிக்குங்க, வெட்டிக்குங்க" என்பாள், பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொல்லுகிறவள் மாதிரி. உடனே அந்தக் காயைத் தானே எடுத்துத் தன் மூலையில் வைத்துக்கொண்டு, "சித்தெ இருங்க, வாரேன்" என்று சிரிப்பாள். அவள் தோற்றுச் சிரிப்பதைக் கேட்பதற்காகவே நான் ஆட உட்காருவேன்.

அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் தோட்டமும் கிணறும். ஆடிக்கு இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்திருந்தோம். மச்சான் கூச்ச சுபாவம். அண்ணன் பேச்சுக் கொடுத்தால் "ஆமாங்க", "இல்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் லூடோவை விரித்தார். அம்மா தன் நீலத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

எங்கள் வீட்டு விதிகளையெல்லாம் அக்காதான் அவருக்குச் சொன்னாள். மச்சான் கவனமாகக் கேட்டார். அனுமதி கேட்கும் விதி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அது போதாது என்று பட்டதோ என்னவோ, கேட்டு முடித்துவிட்டுத் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார். முதலில் தொண்டையைக் கனைப்பார். பிறகு, "ஏனுங்க, வெட்டிக்கட்டுங்களா? கோவிச்சுக்கப்படாது" என்பார். பத்து வயதுப் பெண்ணான என்னிடமும் அப்படித்தான் கேட்டார். நான் அன்றைக்கே அவருக்கு அடிமை.

பிறகு அக்காவுக்குச் சரியான புள்ளி விழுந்தது. அவள் சிவப்புக் காய்க்கு எதிரில் மச்சானின் நீலக் காய் நின்றது. அம்மா கதவோரத்திலிருந்து, "கண்ணு, வேற காய் நகத்து" என்றாள். கட்டியவனை வெட்டுவதாவது என்று அவளுக்கு ஒரு நடுக்கம். அக்கா தயங்கினாள். மச்சான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"ஆட்டத்துல எல்லாரும் ஒண்ணுதானுங்க அத்தை. என்னைய மட்டும் ஒறம்பரையாட்ட ஒதுக்கி வெச்சா நானு எப்புடீங்க ஆடறது?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர்கள். நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்து அனுப்புவோம், ஒரு வேலை சொல்ல மாட்டோம். அக்கா கேட்டாள், "ஏனுங்க, வெட்டிக்கட்டுங்களா?" மச்சான் "வெட்டிக்க அம்மணி" என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. பிறகு அவர் திருப்பி அவளை வெட்டினார். கோவிச்சுக்கப்படாது என்றார். ஆட்டம் முடிவதற்குள் அவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டியதற்குக் கணக்கில்லை, ஜெயித்தது அண்ணன்.

ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்த மச்சான் எழுந்திருக்கவில்லை. அப்பாவும் அண்ணனும் போனார்கள், காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவதாக அண்ணன் சொல்லியனுப்பினார். குழந்தை இல்லை. அக்காவுக்கு இருபது வயது.

அவள் வருவதற்கு முன் அம்மா வீட்டை ஒழுங்குபடுத்தினாள். அந்தச் சொல்லை வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். என் சிவப்பு ரிப்பன் பெட்டிக்கு அடியில் போயிற்று. கூடத்து ஜன்னலில் தொங்கிய சிவப்புப் பூப்போட்ட துணி போயிற்று. குங்குமச் சிமிழ் சாமி அறையில் படத்துக்குப் பின்னால் போயிற்று. அவள் கண்ணில் எதுவும் பட்டு அவள் மனசு நோகக் கூடாது என்று அம்மாவுக்கு. யாரும் அந்த நிறத்தின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. கடையில் மிளகாய் வத்தல் வாங்கி வரச் சொல்லும்போது கூட "அந்தக் கலர் மொளகா" என்றாள் அம்மா.

அக்காவைக் கொண்டுவந்து விட்ட அன்று அண்ணன் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். உடைந்த கண்ணாடித் துண்டால் சிவப்புக் காய்களின் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேட்டி மடியெல்லாம் சிவப்புத் தூள். நான் பார்ப்பதைக் கண்டு, "போ அக்கட்ட" என்று அந்தப் பக்கம் விரட்டினார். சுரண்டி முடித்து, விரலில் சிராய் ஏறிவிடாதபடி ஒவ்வொரு காயையும் ஓட்டுச் சில்லில் தேய்த்து மழமழவென்று ஆக்கினார். பலகையின் சிவப்பு மூலைமேல் வெள்ளைத் தாளை அளவாக வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டினார். கோணல் இல்லாமல் ஒட்டினார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வந்ததும் அந்த மழமழப்பு ஞாபகத்துக்கு வருகிறது, திட்ட வாய் வருவதில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பலகையை விரித்தார். அக்காவைக் கூப்பிட்டது நான். அடுப்படியிலிருந்து வந்தாள். வெள்ளைச் சேலை அவளுக்குப் பெரிதாக இருந்தது. வெறும் நெற்றி. பலகையைப் பார்த்தாள். நான்கு மூலைகளில் மூன்றில் நிறம் இருந்தது. அவள் மூலையில் வெள்ளைத் தாளும், அதன்மேல் நான்கு வெறும் மரக்கட்டைகளும்.

"இது ஆரோடதுங்கண்ணா?"

"உன்றதுதான் அம்மணி."

ஒரு காயைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கணக்குப் போட்டு ஆடுகிற அண்ணன், தப்பிக்க வழி இருந்தும் தன் மஞ்சள் காயை அக்காவின் காய்க்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். வெட்டினால்தானே பழமாக்க முடியும், அதற்காக. அக்காவுக்குப் புள்ளி விழுந்தது. "வெட்டிக்கட்டுங்களா" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், "வெட்டிக்க அம்மணி, நல்லா வெட்டிக்க" என்று அண்ணனும் அம்மாவும் சேர்ந்து சொன்னார்கள். பதுங்கிப் பதுங்கி ஆடும் அம்மா தன் காயையும் அதேபோல் கொண்டுபோய் நீட்டினாள். ஆனால் அக்காவின் காய்களை யாரும் வெட்டவில்லை. வழக்கம்போல அவள் நடுவீதியில்தான் நிறுத்தியிருந்தாள். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் வெட்டுகிற புள்ளி விழுந்தபோதெல்லாம் வேறு காயை நகர்த்திக்கொண்டார்கள். கவனிக்காதது மாதிரி இருந்துகொண்டார்கள்.

அக்கா கவனித்தாள். தன் காய்களில் ஒன்றை வேண்டுமென்றே என் பச்சைக் காய்க்கு முன்னால், நான்கு கட்டம் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குவளையைக் குலுக்கிக் கவிழ்த்தேன். நான்கு விழுந்தது.

"ஏனுங்கக்கா, வெட்டிக்கட்டுங்களா?"

"வெட்டிக்க கண்ணு" என்றாள். அவள் வந்ததிலிருந்து பார்க்காத முகம் அது. கை முன்னமே காய்மேல் போய்விட்டது, தன் மூலைக்கு எடுத்து வைத்துக்கொள்ள. சித்தெ இருங்க, வாரேன் என்று சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

அம்மா வெடுக்கென்று பகடையை எடுத்துவிட்டாள். "இது செல்லாது. பலகைக்கு வெளியில உழுந்துபோச்சு. மறுக்கா உருட்டு."

"உழுகல" என்றேன்.

"உழுந்துச்சு. நாம் பாத்தேன்."

"உழுகவே இல்ல. பலகை மேலதான் கெடந்துச்சு. அண்ணா, சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா, வெளிய உழுந்துச்சு. வெளிய உழுந்தா மறுபடி உருட்டோணும்னு தாள்ல இருக்குது" என்றார். நான் கத்தினேன். பொய், பொய் என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள், எழுந்துவிடாதபடி கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உருட்டினார்கள், நான் உருட்டவில்லை, அம்மாவே என் கையைப் பிடித்து உருட்டினாள். இரண்டு விழுந்தது. அண்ணனே என் வேறொரு காயை நகர்த்தி வைத்தார். அக்காவின் கை அந்த மரக்கட்டையின் மேலிருந்து மெல்ல விலகியது.

அதற்குப் பிறகு அவள் புள்ளி விழுந்த பக்கம் காயை நகர்த்தினாள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் உள்ளே போய்ச் சேர்ந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெட்டும் படாமல் ஜெயித்தாள். "பாத்தியா, அம்மணி செயிச்சுப்போட்டா" என்று அண்ணன் கையைத் தட்டினார். அம்மாவும் தட்டினாள். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது தட்டுவார்களே, அந்த மாதிரி.

அவர்கள் தட்டி முடியட்டும் என்று அக்கா காத்திருந்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா என்னைய ஆரும் வெட்ட மாட்டீங்கறீங்க?"

அம்மாவுக்கு உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ பட்டதே போதாதா சாமி? ஊட்டுக்குள்ளயும் உன்னையத் தோக்க வெக்கோணுமா?"

"தோத்தாத் தோத்துட்டுப் போறேனுங்கம்மா. என்னையும் தோக்க உடுங்க. ஆட்டத்துல எல்லாரும் ஒண்ணுன்னு அவுங்க சொன்னாங்கல்ல. என்னைய ஒறம்பரையாக்கிப் போடாதீங்க."

மச்சான் சொன்னதை அவள் சொன்னதும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் காய்களைப் பொறுக்கினார். அவளைப் பழையபடி நடத்துவது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். மரியாதை, மரியாதை. எங்கள் ஊரில் இந்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இருபது வயதுப் பெண்ணை உயிரோடு ஒதுக்கி உட்கார வைப்பதையும் அதே இனிப்பான குரலில்தான் செய்வார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் பலகையை விரித்தபோது அக்கா, "வேல கெடக்குதுங்கண்ணா, நீங்க ஆடுங்க" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதுவே. நான் தனியாகப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், நான் வெட்டுகிறேன் அக்கா, சத்தியமாக வெட்டுகிறேன் என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். "நீ வெட்டுவ கண்ணு. உன்னைய வெட்ட உட மாட்டாங்க" என்றாள். அப்புறம் அண்ணனும் பலகையை விரிப்பதை விட்டுவிட்டார். பெட்டி அலமாரிமேல் கிடந்தது.

மாசியில் காரமடைத் தேர். அம்மாவும் அண்ணனும் கிளம்பினார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. "கூட்டத்துல நீ எதுக்கு கண்ணு அலையோணும், ஊட்டுல நிம்மதியா இரு" என்றாள் அம்மா, நல்ல மனசோடுதான். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள்.

வீட்டுப் படி ஏறும்போது கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். செருப்பு ஒன்றும் வெளியில் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது.

அக்கா தரையில் பலகையை விரித்து வைத்திருந்தாள். நான்கு நிறமும் ஆட்டத்தில் இருந்தன. அவள் மஞ்சள் பக்கம் உட்கார்ந்து உருட்டினாள். அண்ணனின் குரலில், "ஏனம்மணி, வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள். பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு வந்து வெள்ளைத்தாள் மூலையில் உட்கார்ந்து, "வெட்டிக்குங்க" என்று சொல்லி அந்த மரக்கட்டையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அடுத்து என் பச்சைப் பக்கம் போனாள். என் கீச்சுக் குரல் அப்படியே வந்தது. நான் என்னை மறந்து சிரித்திருப்பேன். அதற்குள் அவள் நீலப் பக்கம் போய்விட்டாள். அம்மா மாதிரி பேசப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏனம்மணி, வெட்டிக்கட்டுமா? கோவிச்சுக்கப்படாது."

அப்புறம் அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்து, சுற்றி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, எதிரே யாரும் இல்லாத நீல மூலையைப் பார்த்து, "வெட்டிக்குங்க" என்றாள். காயை எடுத்துத் தன் மூலையில் வைத்தாள். "சித்தெ இருங்க, வாரேன்" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு, ஒரு துளி குறையவில்லை.

"அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். அவள் திடுக்கிட்டாள். பிறகு அவசரமில்லாமல் காய்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள், பலகையை மடித்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழாமல் இருப்பதற்காக ஏதோ கேட்க வேண்டியிருந்தது.

"ஆருக்கா செயிச்சாங்க?"

"நீலந்தான் கண்ணு" என்றாள். ஜெயித்தவள் மாதிரி இருந்தது முகம். "செவப்பு தோத்துப்போச்சு. நாலு காயும் வெட்டுப்பட்டுப்போச்சு."

அவள் திரும்பி வந்த பிறகு அந்த நிறத்தின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பெட்டியின் மூடியை அவள் அழுத்தி மூடினாள். உள்ளே கிடந்த நான்கு மரக்கட்டைகளில் பொட்டுச் சாயம்கூட இல்லை.